பிள்ளை தேறிவிட்டான், இனி மருந்து எதற்கு?

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுப் பக்கம் போய் வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. "டாக்டர், புள்ள நல்லா ஓடியாடி விளையாடுறான். பசியெடுத்துச் சாப்பிடுறான். ரத்தத்துல நோயே தெரியலன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எதுக்கு மருந்து?"

கேட்கிறவர் மேல் குற்றமில்லை. தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஒரு பஸ், டவுனிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பஸ், அன்றைய கூலியும் போச்சு. போய் வந்தால் பிள்ளை இரண்டு நாள் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடக்கிறான். நோயை விட மருந்துதான் பிள்ளையைப் படுத்துகிறது என்று பெற்ற மனம் நினைத்தால் அதில் வியப்பென்ன? ஆனால் ரத்தப் புற்றுநோயில், தேறிவிட்டான் என்று பாதியில் நிறுத்துகிற அந்த ஒரு முடிவுதான் பல பிள்ளைகளின் உயிரைக் குடித்திருக்கிறது. அதனால் அந்தக் கேள்விக்கு இந்த முறை கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லிவிடுவோம்.

நம் எலும்புக்குள்ளே இருக்கும் மஜ்ஜைதான் ரத்தம் ஊறும் இடம். சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு மூன்றும் அங்கேதான் பிறக்கின்றன. அங்கே வெள்ளையணு ஒன்று முதிராமலே கெட்டுப்போய், கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் ரத்தப் புற்றுநோய். நாற்று மேடையில் லாலாங் புல் புகுந்தால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்ல கன்று மூச்சு முட்டிச் சாகும். அப்படித்தான் நல்ல அணுக்களுக்கு மஜ்ஜையில் இடமில்லாமல் போகிறது. சிவப்பணு குறைந்தால் பிள்ளை வெளுத்துப்போய் மூச்சு வாங்குவான். தட்டணு குறைந்தால் ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும், தோலில் காரணமில்லாமல் கன்றிப்போகும். நல்ல வெள்ளையணு குறைந்தால் காய்ச்சல் விட்டு விட்டு வரும். சில பிள்ளைகள் கால் எலும்பு வலிக்கிறது என்று ராத்திரி அழுவார்கள். காய்ச்சலும் தட்டணுக் குறைவும் சேர்ந்து வருவதால் முதலில் டெங்கி என்றே பலர் நினைத்துவிடுவதும் உண்டு. டெங்கி என்றால் பத்து நாளில் தெளிய வேண்டும். தெளியவில்லையென்றால், கழுத்திலோ அக்குளிலோ கட்டி தென்பட்டால், ரத்தத்தை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது ஒட்டுகிற நோயல்ல. செய்வினையும் அல்ல, தாய் கர்ப்பத்தில் சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டதால் வந்ததும் அல்ல. 1945-ல் ஹிரோஷிமா, நாகசாகியில் அணுகுண்டுக் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களிடையே இந்த நோய் பின்னால் அதிகமானது உண்மை. பென்சீன் என்ற ரசாயனமும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏன் வந்தது என்று காட்ட ஒரு காரணமும் கிடைப்பதில்லை. மாமியார் மருமகளையும், மருமகள் விதியையும் திட்டிப் பயனில்லை.

பழைய சினிமாவில் ரத்தப் புற்றுநோய் என்றால் கதாநாயகன் இருமி ரத்தம் கக்கிச் செத்துப்போவான். அந்தப் படங்கள் நம் மனசில் ஊன்றிய பயம் இன்னும் போகவில்லை. அந்தக் காலத்துக்கு அது பொய்யும் அல்ல. 1948-க்கு முன்னால் இந்த நோய் வந்த குழந்தை சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். அந்த ஆண்டில்தான் அமெரிக்காவில் போஸ்டன் நகர டாக்டர் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை எழுதினார். அந்த மருந்தை உருவாக்கிய ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர் நம் பக்கத்து மனிதர். ஆந்திரத்துப் பீமவரத்தில் 1895-ல் பிறந்து, சென்னையில் மருத்துவம் படித்த யெல்லப்ரகட சுப்பாராவ். இன்று நம் பிள்ளைகள் விழுங்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை அந்த மருந்தின் உடன்பிறப்பு.

இன்று நிலைமை வேறு. குழந்தைகளுக்கு அதிகம் வருவது லிம்ஃபோபிளாஸ்டிக் வகை, சுருக்கமாக ஏ.எல்.எல். என்பார்கள். இரண்டிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கே இது மிகுதி. மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய 'மா-ஸ்போர்' சிகிச்சைத் திட்டத்தின் முடிவுகள் 2012-ல் வெளிவந்தன. அதில் நூறு பிள்ளைகளில் எண்பதுக்கு மேல் ஆறு ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். வெள்ளைக்காரன் நாட்டுக் கணக்கல்ல இது. நம் ஆஸ்பத்திரிகளில், நம் மூவினப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கு.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். நோய் கண்டுபிடிக்கும் நேரத்தில் ஒரு பிள்ளையின் உடம்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி கெட்ட அணுக்கள் இருக்கும். முதல் நான்கைந்து வார மருந்தில் பெரும்பாலும் அழிந்து, பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. "நோய் தெரியல" என்று டாக்டர் சொல்வது இதைத்தான். ஆனால் அப்போதும் நூறு கோடி, ஆயிரம் கோடி அணுக்கள் ஒளிந்திருக்கலாம். லாலாங்குக்கு ஒரு முறை மருந்தடித்தால் மேலே கருகிவிடும். பார்க்கிறவன் காடு சுத்தம் என்பான். வெட்டுகிறவனுக்குத் தெரியும், மண்ணுக்கடியில் கிழங்கு உயிரோடு இருக்கிறது என்று. திரும்பத் திரும்ப அடித்தால்தான் கிழங்கு சாகும். அதனால்தான் மொத்தச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். நிறுத்திவிட்டால் நோய் திரும்பும். திரும்பி வருகிற நோய் முன்னே பார்த்த மருந்துக்குப் பழகிப்போய், முன்னை விட முரட்டுத்தனமாக வரும்.

முதல் மாதம்தான் கஷ்டமான மாதம். ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். பிள்ளைக்கு முகம் ஊதிப் பூசணிக்காயாகும், வயிறு தள்ளும். அடங்காப் பசி எடுக்கும். நடுராத்திரி சோறு கேட்பான், கொடுக்காவிட்டால் தட்டை வீசுவான். சாதுவாய் இருந்த பிள்ளை எரிந்து விழுவதைப் பார்த்து, "எம்புள்ள இப்படி இல்லையே" என்று அழாத தாய் இல்லை. இது பிள்ளையின் குணமல்ல, மருந்தின் குணம். மாத்திரை நின்றதும் சில வாரங்களில் பழைய முகமும் பழைய பிள்ளையும் திரும்பி வருவார்கள். ஆனால் நீங்களாக ஒரே நாளில் அதை நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்லும் முறைப்படிதான் குறைக்க வேண்டும். இந்த மாதத்தில் சர்க்கரையும் ஏறலாம் என்பதால் மைலோவில் பால் டின்னைக் கவிழ்க்காதீர்கள்.

அடுத்தது வின்கிரிஸ்டின் ஊசி. நம் வீட்டு வாசலிலும் கோயில் பக்கத்திலும் ஊதாப்பூவும் வெள்ளைப்பூவுமாய்ப் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து 1960-களின் தொடக்கத்தில் பிரித்தெடுத்த மருந்து இது. இதைக் கேட்டதும், "அட, அந்தச் செடிதானே, நாமே அவிச்சுக் கொடுத்திடலாமே" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. வேண்டாம். டன் கணக்கில் இலையைச் சேர்த்தால்தான் ஒரு கிராம் மருந்து கிடைக்கும், அதே இலையில் வேறு விஷங்களும் இருக்கின்றன. அவித்துக் குடித்தால் நோய் போகாது, விஷம்தான் ஏறும்.

இந்த ஊசி நரம்பைத் தொடும். தாடை வலிக்கும், விரல் நுனி மரத்துப்போகும், மலம் கட்டும். கால் பாதம் தொங்கி, நடக்கையில் செருப்பு தரையில் இழுபடும். பிள்ளை அடிக்கடி தடுக்கி விழுந்தால் 'சோம்பேறித்தனம்' என்று அதட்டாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நேரத்தோடு சொன்னால் மருந்தளவைப் பார்த்துச் சரிசெய்து, உடற்பயிற்சியும் சொல்லித் தருவார்கள். பெரும்பாலும் தேறிவிடும்.

சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். மறுநாள் சிறுநீர் சிவப்பாய்ப் போகும். அது ரத்தமல்ல, மருந்தின் நிறம். அலறியடித்துக்கொண்டு ஓட வேண்டாம். ஆனால் இந்த மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால்தான் இதயத்தை ஸ்கேன் செய்யக் கூப்பிடுகிறார்கள். அந்த நாளைத் தவறவிடாதீர்கள். முடி கொட்டுவதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. முடி திரும்ப முளைக்கும். பத்துமலைக்கு மொட்டை நேர்ந்துகொண்ட நமக்கு மொட்டைத் தலை என்ன புதுசா? வாய்ப்புண் வந்தால் உறைப்பைக் குறைத்து, ஆறிய கஞ்சி கொடுத்து, மிருதுவான பிரஷ்ஷால் பல் துலக்கி, ஆஸ்பத்திரியில் தரும் மருந்தால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஊசிக்குப் பிறகு மேல் வயிற்றில் முதுகு வரை பிடித்திழுக்கும் வலியோ, கடுமையான தலைவலியோ வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். கணையம் வீங்குவதும், ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதும் இந்தச் சிகிச்சையில் வரக்கூடியவை.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளக்கூடிய, அல்லது டாக்டர் பார்த்துச் சரிசெய்யக்கூடிய சங்கதிகள். ஒரு ராத்திரியில் உயிரைக் கொண்டுபோகக்கூடியது வேறு. அது காய்ச்சல்.

மருந்து கெட்ட அணுவோடு நல்ல வெள்ளையணுவையும் அடித்துவிடுகிறது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில் 0.5-க்குக் கீழே போன பிள்ளைக்கு எதிர்த்து நிற்க ஆளில்லை. சாதாரணக் கிருமி ரத்தத்தில் கலந்தாலும் சில மணி நேரத்தில் பிள்ளை மயங்கிவிடும். ஆகவே உடம்பு 38 டிகிரி காட்டினால், நடுக்கம் கண்டால், ராத்திரி இரண்டு மணியானாலும் புறப்படுங்கள். "ஒரு பனடோல் குடுத்துப் பாப்போம், காலையில போவோம்" என்பதுதான் ஆபத்து. பனடோல் காய்ச்சலை மறைக்கும், கிருமியைத் தொடாது. கைவைத்துப் பார்த்துக் காய்ச்சல் சொல்வதும் போதாது. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். அதை அக்குளில் வையுங்கள், ஆசனவாயில் வைக்க வேண்டாம். டவுன் கிளினிக்கில் சதையில் ஊசி போட விடாதீர்கள். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நம்பர் எடுத்து உட்கார்ந்துவிடாமல், "மிஸ்ஸி, எம்புள்ளைக்கு ரத்தப் புற்றுநோய், கீமோதெரப்பி நடக்குது, காய்ச்சல் வந்திருக்கு" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கிருமி மருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். சிகிச்சை அட்டையைக் கையிலேயே வைத்திருங்கள். பிறந்தபோது ஜி-6-பி-டி குறை என்று சொல்லப்பட்ட பிள்ளையானால் அதையும் சொல்லுங்கள். சில மருந்துகள் அந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது.

ராத்திரியில் வண்டிக்கு எங்கே போவது? காய்ச்சல் வந்த பிறகு யோசிக்கிற விஷயமல்ல இது. சிகிச்சை தொடங்கும்போதே கிளைச் செயலாளரிடம் சொல்லி, அவர் மூலமாக நிர்வாகத்திடம் பேசி, யார் வண்டி, யார் ஓட்டுவது, அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தது யார் என்று முடிவு செய்து, போன் நம்பர்களைச் சுவரில் ஒட்டி வையுங்கள். லயத்தில் பத்து வீடு இருந்தால் அதில் ஒரு கார் இல்லாமலா போகும்?

அம்மையைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் சின்னம்மை கண்டால் "அம்மா வந்திருக்கா" என்று வேப்பிலை கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தண்ணீர் ஊற்றும் நாள் வரை காத்திருப்போம். யாருடைய நம்பிக்கையையும் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் மருந்து ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அம்மை நுரையீரல், ஈரல், மூளை வரை இறங்கிக் கொன்றுவிடக்கூடியது. அந்தப் பிள்ளைக்கு அம்மை வரும் வரை கூடக் காத்திருக்கக் கூடாது. பள்ளியிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது கண்டிருக்கிறது, பிள்ளை அவர்களோடு இருந்தான் என்று தெரிந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். முதல் நான்கு நாட்களுக்குள் தடுப்பு மருந்து கொடுத்தால் பலன் அதிகம். பள்ளி ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவரே உங்களுக்குத் தகவல் தருவார். வேப்பிலையை வாசலில் கட்டிக்கொள்ளுங்கள், பிள்ளையை வண்டியில் ஏற்றுங்கள்.

ஆறேழு மாதத்துக்குப் பிறகு சிகிச்சை எளிதாகிவிடும். பிள்ளை பள்ளிக்குப் போகும், முடி முளைக்கும். மெர்காப்டோப்யூரின் மாத்திரை தினமும், மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரம் ஒரு முறை. வாரம் ஒரு முறை என்பதைத் திரும்பவும் சொல்கிறேன். அதைத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. நாள்காட்டித் தாளில் அந்தக் கிழமையைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வையுங்கள். மாத்திரை கொடுப்பது ஒருவர் பொறுப்பாகவே இருக்கட்டும். அம்மா காலை ஷிஃப்ட், அப்பா இன்னொரு பக்கம் என்றால், "நீ குடுத்தியா, நான் குடுத்தேனா" என்று இரட்டிப்பாகப் போய்விடும், அல்லது போகாமலே போய்விடும்.

பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் நடக்கிறது. ஒரே நாளில் யாரும் நிறுத்துவதில்லை. திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது இரண்டு நாள் விட்டுப்போகும், பிறகு ஒரு வாரம். 2015-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நூறு நாளில் ஐந்து நாளுக்கு மேல் மெர்காப்டோப்யூரினைத் தவறவிட்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டரை மடங்குக்கு மேலாக இருந்தது. சரி, ஒருவருக்கு ஒன்றரை மாத்திரை, இன்னொருவருக்கு கால் மாத்திரை ஏன்? சிலருடைய உடம்பு பிறவியிலேயே இந்த மருந்தை மெதுவாகத்தான் கரைக்கும். ஆசிய இனத்தாரிடையே அப்படிப்பட்டவர்கள் உண்டு என்று 2015-க்குப் பிறகு நன்றாகத் தெரிந்துவிட்டது. அவர்களுக்குக் கால் மாத்திரையே முழு மாத்திரை. வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார் என்று அளவை மாற்றாதீர்கள்.

வயதுப் பிள்ளைகள் சங்கதி வேறு. பதினாறு, பதினெட்டு வயசுப் பையன் முகம் ஊதி, தலை மொட்டையாகிக் கண்ணாடி பார்க்க வெட்கப்படுவான். மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு "சாப்பிட்டேன்மா" என்பான். அதட்டினால் பயனில்லை. அவனையும் உட்கார வைத்து, இந்த லாலாங் கிழங்குக் கதையைச் சொல்லுங்கள். இந்த வயதுக்காரர்களுக்குப் பெரியவர்களுக்கான சிகிச்சையை விடக் குழந்தைகளுக்கான கடும் சிகிச்சை முறையே நல்ல பலன் தருகிறது என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். எந்த முறையில் பார்க்கப்போகிறீர்கள் என்று டாக்டரைக் கேட்பதில் தவறில்லை. ஸ்டீராய்டினால் இடுப்பு எலும்பு, முழங்கால் எலும்பு ரத்த ஓட்டம் குறைந்து செத்துப்போவதும் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே அதிகம். நொண்டினால், இடுப்பு வலிக்கிறது என்றால், எண்ணெய் தடவி நீவிவிட்டு உட்காராமல் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பேசக் கூச்சப்படும் விஷயம். சில மருந்துகளும், மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும், கதிர்வீச்சும் பின்னாளில் பிள்ளை பெறும் சக்தியைக் குறைக்கலாம். வயதுக்கு வந்த பையனானால் சிகிச்சை தொடங்குமுன் விந்தைச் சேமித்து வைக்க வழியுண்டா என்று கேட்க வேண்டும். தொடங்கிய பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும். பெண் பிள்ளைக்கும் அதேபோல் கேளுங்கள். அம்மா கேட்கக் கூச்சப்பட்டால் அப்பா கேட்கட்டும், அவரும் கூச்சப்பட்டால் மாமன் கேட்கட்டும். "பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் ஆக வேணாமா, வெளிய தெரிஞ்சா யார் கட்டுவா" என்று நோயையே மறைத்து, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தூரத்துச் சாமியாரிடம் போகிற குடும்பங்களும் இருக்கின்றன. சிகிச்சை முடித்துக் கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். மறைத்துக் காலம் கடத்தியவர்களுக்குத்தான் அந்த நாள் வருவதில்லை.

மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை எல்லாருக்கும் தேவைப்படாது. நோய் திரும்பியவர்களுக்கும், மருந்துக்கு அடங்காதவர்களுக்கும்தான். நம் நாட்டில் 1987-லிருந்தே நடக்கிறது. உடன்பிறந்த ஒருவரின் மஜ்ஜை பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு.

பணத்துக்கு என்ன வழி? அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்குக் கட்டணம் சொற்பம். அதையும் கட்ட முடியாதவர்கள், பஸ் செலவுக்குத் தவிப்பவர்கள், அங்கேயே இருக்கும் மருத்துவச் சமூகநல அதிகாரியைப் பாருங்கள். வார்டு மிஸ்ஸியிடம் கேட்டால் காட்டுவார். ஊழியர் சேமநிதியில் கடும் நோய்ச் சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம், பிள்ளையின் நோய்க்கும் எடுக்கலாம். வேலை செய்யும் இளைஞருக்கே நோய் வந்தால் சொக்சோவின் இயலாமைத் திட்டத்தில் மனுச் செய்யுங்கள். பாரங்களை நிரப்பத் தெரியாவிட்டால் கிளை அலுவலகத்துக்கு வாருங்கள். தலைநகருக்குப் பிள்ளையைக் கூட்டிவந்து தங்க இடமில்லாத வெளியூர்ப் பெற்றோருக்கு, தேசியப் புற்றுநோய்ச் சங்கம் கோலாலம்பூரில் ஒரு குழந்தைகள் இல்லம் நடத்துகிறது. அதைப் பற்றியும் சமூகநல அதிகாரியிடமே விசாரியுங்கள்.

சிகிச்சை முடிந்து கடைசி மாத்திரையும் விழுங்கிய பிறகு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. என்னென்ன மருந்து, எவ்வளவு, எந்த ஆண்டு என்று டாக்டரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள். இருபது வருஷம் கழித்து அந்தப் பிள்ளைக்கு மூச்சு வாங்கினால், இதயத்தைப் பார்க்கும் டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டை நகலும் இருக்கிற அதே தகர டப்பாவில் போட்டு வையுங்கள், ஒரு நகலைப் பிள்ளை கையிலும் கொடுங்கள்.